சம்பந்தி தந்த மீன் சோடியும் கழுவக்கூடாத ஸ்பொஞ்சும்

தெல்தெனிய,
வெள்ளிக்கிழமை.

திருகோணமலையில் வாழும் மதிப்பிற்குரிய சம்பந்தி சுந்தரலிங்கம் ஐயா அவர்களுக்கு, தர்ஷிகாவின் தகப்பன் மயில்வாகனம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். மீன்களும் நலம். தங்கள் நலத்திற்கும் மாப்பிள்ளை திலீபனின் நலத்திற்கும் முருகன் துணை.

பெண் பார்க்க வந்த அன்று கடல்மீன் இரண்டைக் கையில் தந்து, "நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் வரேக்க இதுகள் சோடியா நிக்கோணும், அப்பதான் பிள்ளையளும் நல்லா இருப்பினம்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஐயா, வெற்றிலை பாக்கோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்குப் பின்னால் விக்டோரியா நீர்த்தேக்கம் கடலாட்டம் கிடந்தும் உங்கள் மீனுக்கு ஒரு செம்புத் தண்ணீர் உதவாது என்றால் நான் யாரிடம் சொல்லி அழுவது? கண்டிக்கு ஓடி, மீன்தொட்டிக் கடை நபீலிடம் கடலுப்பு வாங்கினேன். அத்தோடு விட்டானா? பில்டரும் வேண்டுமாம். தொட்டியில் தொங்குவது, கீழே உட்காருவது, அழுக்கை நுரையாகக் கக்குவது என்று மூன்றைக் காட்டினான். மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நான் இவ்வளவு யோசிக்கவில்லை, மன்னிக்கவும். கடைசியில் தொங்குவதையும் கக்குவதையும் வாங்கி, குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி, மடியில் பிள்ளை போல வைத்துக்கொண்டு வந்தேன்.

கக்குவது முதல் நாளே பொங்கி வழிந்தது. வயரைப் பிடுங்க ஓடினால், என் மனைவி புஷ்பராணி, "தொடாதீங்க! கெழக்க பாத்து பொங்குது!" என்று தடுத்து, குலவையும் போட்டுவிட்டாள். சர்க்கரைப் பொங்கல் என்று நினைத்துப் பக்கத்து வீட்டார் கிண்ணத்தோடு வந்து நின்றார்கள். அது மீனின் கழிவு என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

அதைவிடப் பெரிய கண்டம் வெள்ளிக்கிழமை. அன்று புஷ்பராணி மஞ்சள் தண்ணீரில் வீட்டைக் கழுவும்போது கையில் அகப்பட்டதெல்லாம் கழுவப்படும். பில்டருக்குள் இருந்த ஸ்பொஞ்சைச் சவர்க்காரம் போட்டுக் கசக்கிக் கொடியில் காயப்போட்டுவிட்டாள். மறுநாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. நபீல் ஓடிவந்து, தண்ணீரை மாற்றிக் காப்பாற்றினான். "அங்கிள், கண்ணுக்குத் தெரியாத கிருமி ஸ்பொஞ்சுல இருந்துதான் மீன்ட கழிவ திங்குது. கழுவினா அதெல்லாம் செத்து மவுத்து. அழுக்கு ஊறட்டும், உடுங்க" என்றான். அன்றிலிருந்து வெள்ளிதோறும் தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டுக் காவல் இருக்கிறேன். "வெளக்கு வைக்கிற வீட்ல இப்புடி ஒரு அழுக்கா? சம்பந்தி வீட்டாளுங்க காறித் துப்ப மாட்டாங்க?" என்று அவள் அழுகிறாள். நான் அசையவில்லை.

இப்போது ஸ்பொஞ்சு நன்றாக ஊறி, கறுத்து, வழவழவென்று, பார்க்கவே மனம் குளிர்கிறது. மீன்கள் சோடியாகத் திரிகின்றன. ஆகவே ஒன்றுக்கும் யோசிக்காமல் ஆவணியில் நிச்சயதார்த்தத்திற்கு வாருங்கள்.

பிள்ளைகள் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ வேண்டும் என்று வேண்டும்,
தங்கள் சம்பந்தி,
மயில்வாகனம்.

பி.கு.: முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினால், மாத்தளைக் கோயிலுக்கு வந்த தங்கள் மனைவியார் வீட்டில் நிற்கிறார். காவல் இல்லாத நேரத்தில் ஸ்பொஞ்சைக் கண்டு, "ஐயோ, என்ன ஊத்தை! விடுங்கோ, நான் செய்யிறன்" என்று சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கொடியில் காயப்போட்டுவிட்டார். புஷ்பராணி ஆனந்தக் கண்ணீரோடு தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். நபீலின் கடையும் இன்று பூட்டு. இக்கடிதத்தை அந்த அம்மாவிடமே கொடுத்தனுப்புகிறேன். நிச்சயதார்த்தத்துக்கு ஆவணி வரை பொறுக்க வேண்டாம் ஐயா. கடிதம் கண்டதும் பஸ் ஏறுங்கள், மீன்கள் இந்த நிமிடம் வரை சோடியாகத்தான் இருக்கின்றன.