ஏரித் தண்ணீரும் ஆரஞ்சுக் கோட்டும்

மலை ஏறி இறங்கியவர் என்று ஒரு ரகம் இருக்கிறது. உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். கண்ணில் படவில்லையென்றால் விடுப்பு எடுத்துக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

நாம் பார்க்கப்போகிறவர் காப்பீட்டு அலுவலகத்தில் பிரிவுத் தலைவர். பட்டப்பெயர் ஏரிக்காரர். யாராவது தண்ணீர் பாட்டிலைத் திறந்தால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பதினாலாயிரம் அடி உயரத்தில் தாம் கண்ட ஏரியையும், அதை இரு கையாலும் அள்ளிக் குடித்ததையும், கீழே கிடக்கும் நாமெல்லாம் பிளாஸ்டிக்கைத் தின்றே சாகப்போவதையும், குடிக்க வந்தவருக்குத் தாகமே விட்டுப்போகும் வரை விவரிப்பார். மேலே புசுபுசுவென்று ஓர் ஆரஞ்சுக் கோட்டு. பதினெட்டுப் பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கி நூலாக்கி நெய்ததாம். வியர்த்து வழிந்தாலும் கழற்ற மாட்டார்.

அவருடைய மச்சினி தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். பிளாஸ்டிக் தூசு அந்த ஏரி வரைக்கும் ஏறிவிட்டதா என்பதுதான் அவளுடைய ஆய்வு. இப்போது ஆறு மாதக் கர்ப்பம், மலையேற வழியில்லை. பனி மூடுவதற்குள் தண்ணீர் வந்து சேராவிட்டால் ஒரு வருட உழைப்பு வீண். அத்தான் இருக்கும்போது ஆளுக்கா பஞ்சம்?

"அத்தான், பருத்திச் சட்டை மட்டும் போட்டுக்கிட்டு எடுங்க. பாட்டில் வாய்ல எதுவும் படக்கூடாது" என்று மூன்று கண்ணாடி பாட்டில்களைக் கொடுத்தாள்.

"பிளாஸ்டிக்கைப் பத்தி எனக்கே பாடமா?" என்றார்.

போனார். அந்தக் குளிரில் பருத்தியாவது மண்ணாவது! ஏரிக்கரையில் உட்கார்ந்து, பாட்டிலில் தூசி கீசி இருந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில், மூன்றையும் உள்ளும் புறமும் கோட்டுக் கையால் துடை துடையென்று துடைத்துப் பளபளப்பாக்கி, அதன் பிறகே நிரப்பினார். என்ன பொறுப்பு பாருங்கள்.

இரண்டு வாரம் கழித்து மச்சினி அவரைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள். உள்ளே நார் நாராக நெளிந்தது.

"பாத்தியா, நாசமாக்கிட்டானுங்க. எல்லாம் சுற்றுலா வர்றவனுங்க வேலை."

"எல்லாமே ஆரஞ்சு, அத்தான்." அவர் கோட்டுக் கையிலிருந்து ஒரு நூலைப் பிய்த்துப் பக்கத்தில் வைத்தாள். "இப்ப பாருங்க."

பார்த்தார். கோட்டைக் கழற்றினார். அவளுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"அப்ப ஏரியில நிஜமா என்னதான் இருக்கு?"

"தெரியல. பாதையைப் பனி மூடிருச்சு. அடுத்த வருஷம் குழந்தையைத் தூக்கிக்கிட்டு நானே போறேன்."

அவள் திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட்டில்களைக் கழுவப் போய்விட்டாள். அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. மெய்யாகவே தின்றது, திங்கட்கிழமை காலை வரை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் யாரோ பாட்டிலைத் திறந்தார்கள். ஏரிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அந்த ஏரியும் போச்சு சார். மைக்ராஸ்கோப்ல நானே என் கண்ணால பாத்தேன். மனுஷங்களுக்குப் பொறுப்புங்கறதே இல்ல."

சிரிக்கிறீர்கள். இதை யாருக்கு அனுப்பிப் புத்தி புகட்டலாம் என்று இதற்குள் ஒரு முகம் உங்கள் மனதில் வந்திருக்குமே? அந்த முகத்துக்குச் சொந்தக்காரரும் இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார், உங்களை நினைத்துக்கொண்டு.