அப்பாவுக்கு மாட்டிய கைப்பிடி

சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிற ஆளுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் எது ஆடினாலும் ஒரு போல்ட்டைப் போட்டு முறுக்கினால் நின்றுவிடும் என்று நம்புவான். எனக்கு அந்த வியாதி முற்றிப் போயிருந்தது. நாற்பத்தெட்டு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, அப்பாவின் குளியலறையில் வைத்து அது குணமானது. வைத்தியம் கொஞ்சம் கடுமைதான்.

அப்பா துடியலூரில் தனியாக இருக்கிறார். கோவை–சத்தியமங்கலம் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். அம்மா போன பிறகும் அவரே சமைத்து, அவரே துவைத்து, சாயங்காலமானால் நடந்துபோய் டீ குடித்துவிட்டு வருவார். ரிட்டயர் ஆனபோது பையைக் கொடுத்துவிட்டார்; விசிலை மட்டும் கொடுக்கவில்லை. அது ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும்.

அப்போது அவருக்கு எழுபத்தொன்பது. ஒருநாள் குளிக்கப் போனவர் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்புதான். யாரிடமும் சொல்லவில்லை. உடுமலைப்பேட்டையில் இருக்கும் என் அக்கா அமுதா வீடியோ காலில் பேசும்போது பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டாள். அடுத்த அரைமணி நேரத்தில் நான் துடியலூரில் நின்றேன்.

"அப்பா, இத்தோட போதுமுங்க. எங்கூட வந்துருங்க. அப்பார்ட்மெண்ட்ல ஒரு ரூம் சும்மாதான கெடக்குது?"

"ரூம் சும்மா கெடந்தா வாடகைக்கு உடு கண்ணு. அதுக்கு நான் எதுக்கு?"

அக்காதான் நடுவில் புகுந்தாள். வயதானவர்கள் அவரவர் வீட்டிலேயே இருப்பதற்கு உதவி செய்கிற ஒரு சேவை நிறுவனம் கோவையில் இருக்கிறதாம். வீட்டை வந்து பார்த்து, என்ன தேவையோ அதை மட்டும் செய்து கொடுப்பார்களாம். "ஒரு தடவ வரட்டும்டா, பாப்போம்" என்றாள்.

வந்தவர் பெயர் ஸ்டெல்லா. நாற்பது வயது இருக்கும். ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, நேராக அப்பாவுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு ஒரு வணக்கம், அவ்வளவுதான்.

"ஏனுங்கய்யா, குளிக்கப் போறப்ப எந்த எடத்துல சிரமமா இருக்குதுங்க?"

"அவருக்கு முட்டி வலிங்க" என்றேன் நான்.

"அய்யா சொல்லட்டுமுங்க சார்."

அடுத்த கேள்விக்கும் நானே பதில் சொன்னேன். அதற்கும் "அய்யா சொல்லட்டுமுங்க." மூன்றாவது தடவை வாயைத் திறந்து நானே மூடிக்கொண்டேன். அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. எனக்கு வந்த கடுப்பை மட்டும் நன்றாகக் கவனித்தேன்.

ஸ்டெல்லா அப்பாவை எழுந்து நடக்கச் சொன்னார், கட்டிலில் உட்கார்ந்து எழச் சொன்னார், குளியலறை வாசலில் நிற்க வைத்து முழங்கை உயரத்தை டேப்பில் அளந்தார். பிறகு சொன்னார்: வழுக்குகிற மிதியடியை எடுத்துவிட வேண்டும், குளிக்க ஸ்டூல் வேண்டும், வாரத்தில் மூன்று நாள் காலையில் தான் வந்து கூட இருப்பேன், குளியலறையில் ஒரு கைப்பிடி வேண்டும்.

"கைப்பிடிய எங்க ஆளு வந்து மாட்டிருவாருங்க."

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. கோவை கணபதியில் எனக்குச் சொந்தப் பட்டறை. பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற என்னிடம், ஒரு கம்பி மாட்ட வெளியாள் வருவானாமா!

"கைப்பிடி நான் பாத்துக்கறேன்" என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். "அப்பா, நான் வீட்டைச் சரி பண்றேன். அது சரிப்பட்டு வரலேன்னா நீங்க மறுபேச்சு இல்லாம எங்கூட வரணும்" என்று பந்தயமும் கட்டினேன்.

"சரிப்பட்டு வந்துருச்சுன்னா?"

"அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"ஸ்டெல்லாம்மா, கேட்டுக்குங்க. சாட்சி நீங்க" என்றார் அப்பா.

மூன்று நாள் உழைத்தேன். ஒன்றரை அங்குல ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் குழாய். முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ். (குளியலறையில், சோப்புக் கையோடு பிடிக்கிற சாமானுக்கு எதற்குக் கண்ணாடிப் பாலிஷ் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. முதலாளியிடம் யார் கேட்பார்கள்?) "நாளைக்கு வீடே இடிஞ்சாலும் இந்தக் கைப்பிடி நிக்கும்" என்று பட்டறையில் சொன்னேன். பாதி பலித்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் உடுமலையிலிருந்து வந்துவிட்டாள். ஸ்டெல்லாவையும் வரச்சொல்லியிருந்தேன். உதவிக்கு இல்லை, பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று! டிரில்லை எடுத்தேன். ஸ்டெல்லா சுவரை விரலால் தட்டிப் பார்த்தார்.

"சார், இந்தப் பக்கம் டொப்பு டொப்புன்னு சத்தம் வருதுங்க. டைல்ஸுக்குப் பின்னால காலியா இருக்குமாட்ட இருக்குது."

"அதெல்லாம் அந்தக் காலத்துச் சுவருங்க. ஸ்ட்ராங்கு."

துளை போட்டு மாட்டி முடித்ததும், "ஒசரம்? அய்யாவுக்கு எட்டுமுங்களா?" என்றார்.

நான் ஆறடி. அப்பா ஐந்தே கால். என் கண் மட்டத்துக்குச் சரியாக மாட்டியிருந்தேன். "கையத் தூக்கறது நல்ல எக்சர்சைஸுங்க" என்றேன். அப்பா தலையைத் தூக்கிக் கைப்பிடியைப் பார்த்தார், ஓடுகிற பஸ்ஸில் மேல்கம்பியைப் பார்க்கிற குட்டையான பிரயாணி மாதிரி.

அந்தப் பார்வை எனக்குப் பொறுக்கவில்லை.

"எத்தன வெயிட்டுத் தாங்கும் தெரியுமா? நான் தொண்ணூத்திரெண்டு கிலோ. பாருங்க!"

இரண்டு கையாலும் பிடித்தேன். இரண்டு காலையும் மடக்கித் தொங்கினேன்.

ஒரு விநாடி தொங்கினேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். அதன்பிறகு சுவருக்குள் யாரோ முறுக்கு கடித்த மாதிரி ஒரு சத்தம். நான்கு டைல்ஸ், ஒரு கூடைக் காரை, நான், எல்லாரும் சேர்ந்து இறங்கினோம். இறங்குகிற வழியில் என் கால் தண்ணீர்க் குழாயை உதைத்தது. குழாய் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் கூரைக்கு அடித்தது. தரையில் கிடந்தபோது பார்த்தேன்: கைப்பிடி ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று என் கையிலேயே இருந்தது.

அக்கா "அய்யோ" என்று உள்ளே பாய வந்தாள்.

"யாரும் உள்ள வராதீங்க! வழுக்கும்!"

முப்பது வருஷம் நெரிசலை அடக்கிய குரல். அக்கா அப்படியே நின்றாள். அப்பா நிதானமாகப் பின்பக்கம் போய்த் தொட்டி வால்வை மூடினார். தண்ணீர் நின்றது. திரும்பி வரும்போது விசிலை எடுத்து வாசலில் நின்று நீளமாக இரண்டு ஊதினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். "நீங்க ரெண்டு பேரு மட்டும் வாங்க. மத்தவிக சித்த அக்கட்டால நில்லுங்க. ஒருத்தரு ஆட்டோ கூட்டியாங்க!"

ஸ்டெல்லா அதற்குள் என் பக்கத்தில் மண்டியிட்டு, "அசையாதீங்க சார்" என்று காலண்டர் அட்டையை மடித்து, என் வலது மணிக்கட்டுக்கு அண்டை கொடுத்து, துண்டால் கட்டிவிட்டார். வலியில் எனக்குக் கண்ணெல்லாம் இருட்டியது. இடது கையிலிருந்த கைப்பிடியை மட்டும் விடவில்லை. கடைசியில் அப்பாதான், "அதைக் குடு கண்ணு, யாரும் தூக்கிட்டுப் போயிர மாட்டாங்க" என்று வாங்கி வைத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து நேராக அப்பாவிடம் நிறுத்தினார்.

"நான் இல்லீங்க" என்றார் அப்பா. "என்ற பையனுக்குங்க. பாத்ரூம்ல உழுந்துபோட்டான். வயசாயிருச்சு பாருங்க."

மணிக்கட்டில் எலும்பு முறிவு. கணுக்காலில் சுளுக்கு. கட்டுப் போட்டு முடித்ததும், அந்த நிலைமையிலும் நான் பந்தயத்தை விடவில்லை.

"கைப்பிடி புட்டுக்கிச்சுங்களே அப்பா. பேசினபடி நீங்க எங்கூட வரணும்."

"செந்திலு, உழுந்தது யாரு?"

"நான்தான்."

"உங்க அப்பார்ட்மெண்ட்ல மூணாவது மாடி. லிஃப்ட்டு ரிப்பேரு. இந்தக் காலை வெச்சுக்கிட்டு ஏறுவியா?"

நான் கணுக்காலைப் பார்த்தேன்.

"அப்ப யாரு ஊட்டுக்கு யாரு வாரது?"

மூன்று வாரம் அப்பா வீட்டில் இருந்தேன். அப்பா ரசம் வைத்தார், இட்லி ஊற்றினார், நான் இடது கையால் சாப்பிட்டேன். என் மனைவி பட்டறையையும் பார்த்துக்கொண்டு வந்து வந்து போனாள். அப்பாவுக்காக ஏற்பாடு செய்த மூன்று காலைகளில் ஸ்டெல்லா எனக்காக வந்தார்.

முதல் நாளே கேட்டார்: "சார், நீங்களே எதெது செஞ்சுக்குவீங்க? அதைச் சொல்லிருங்க. அதுல நான் கை வைக்க மாட்டேனுங்க."

முகம் கழுவிக்கொள்வேன் என்றேன். சட்டை பட்டன் போடுவேன் என்றேன். ஒற்றைக் கையால் ஐந்து பட்டன் போட எனக்குக் கால்மணி நேரம் ஆனது. ஸ்டெல்லா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கையை நீட்டவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். கடைசிப் பட்டனைப் போட்டபோது எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, முதல் லேத் வாங்கிய அன்றுகூட அவ்வளவு வரவில்லை. அடுத்த நாள் மனைவி வந்து, "குடுங்க, நான் போட்டு உடறேன்" என்று சட்டையைப் பிடித்தபோது சுள்ளென்று விழுந்தேன். விழுந்த பிறகுதான் உறைத்தது. இதே வேலையைத்தானே நான் அப்பாவுக்கு ஒரு வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன்? மருந்து டப்பாவைப் பிடுங்கியது, டீக்கடைக்குப் போகாதே என்றது, அவர் பதிலை நான் சொன்னது.

அன்று சாயங்காலம், "அப்பா, நீங்க இங்கயே இருங்க" என்றேன்.

"இருந்துக்கிட்டுத்தான கண்ணு இருக்கறேன்" என்றுவிட்டுப் பேப்பரைத் திருப்பினார்.

அந்த வாரமே சேவை நிறுவனத்தின் ஆள் வந்தார். சுவரைத் தட்டித் தட்டிச் செங்கல் இருக்கிற இடம் கண்டுபிடித்து, ஸ்டெல்லா அளந்து வைத்த உயரத்தில், சொரசொரப்பான வெள்ளைக் கைப்பிடி ஒன்றை மாட்டினார். ஒன்றரை அடி நீளம், பார்வைக்கு ஒன்றுமே இல்லை. நான் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. தொழில்காரனாகச் சொல்கிறேன், அருமையான வேலை.

கட்டுப் பிரித்து நான் பட்டறைக்குத் திரும்பி ஒரு மாதம் இருக்கும். சேவை நிறுவனத்திலிருந்து போன். கையில் கிரீஸ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"வணக்கமுங்க. பெரியவர் சௌக்கியமுங்களா?"

"ரொம்ப நல்லா இருக்காருங்க. காலையில மார்க்கெட் போய்ட்டு வந்துட்டாரு."

"சந்தோஷமுங்க. கைக்கட்டுப் பிரிச்ச பிற்பாடு வலி இருக்குதுங்களா? பட்டன் அவரே போட்டுக்கறாருங்களா?"

சேவை கேட்டு முதலில் கொடுத்த விண்ணப்பத்தில் 'பெரியவர் பெயர்' என்ற இடத்தில் அக்கா அவசரத்தில் என் பெயரை எழுதியிருக்கிறாள். பட்டறையில் இரண்டு மிஷின் ஓடுவதை நிறுத்தியே சிரித்தார்கள். விஷயம் மனைவிக்குப் போனது, அக்காவுக்குப் போனது, என் மகள் காலேஜ் ஹாஸ்டலிலிருந்து போன் போட்டு "பெரியவரே, மாத்திரை போட்டாச்சா?" என்றாள்.

அப்பாவுக்கு இப்போது எண்பத்து மூன்று. துடியலூரில், அவர் வீட்டில், அவர் பூட்டிய கதவுக்குள் இருக்கிறார். ஸ்டெல்லா வருகிறார். பெற்றவர்களைப் பற்றிப் பயந்துபோய் வருகிற பிள்ளைகளை நிறுவனத்தார் சில சமயம் அப்பாவிடம் அனுப்பிவைக்கிறார்கள். அவர் என் கதையை முழுசாகச் சொல்லி அனுப்புகிறார். போன மாதம் நான் போனபோதும் அப்படி ஒரு பையனும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசலில் செருப்பைக் கழற்றியதும் அப்பா எழுந்தார். ஒரு நாற்காலியை அவரே இழுத்துக்கொண்டு வந்து போட்டார்.

"உக்காருங்க பெரியவரே" என்றார், "நடந்து களைச்சிருப்பீங்க."

உட்கார்ந்துகொண்டேன்.