நாற்றங்காலை மிதிக்காத விமானம்

வயலில் கால் வைக்காமல் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். அண்ணன் கம்ப்யூட்டரோடு நின்றுகொண்டான். நான் கொஞ்சம் பேராசைக்காரி. தரையே வேண்டாம் என்று விமானம் ஓட்டப் போனேன். (பேராசை பெருநஷ்டம் என்று ஐந்தாம் வகுப்பிலேயே படித்தும் இருந்தேன்.)

எங்கள் ஊர் குத்தாலத்துக்குப் பக்கம். விமானப் பயிற்சிப் பள்ளிக்காரர்களுக்கு உலகத்தில் வேறு இடமே கிடைக்காமல், எங்கள் ஊர் எல்லையில் வந்து ஓடுதளம் போட்டிருந்தார்கள். நான் உதவித்தொகையில் படித்தேன். தனியாக ஓட்டிக் காட்டும் தேர்வில் தவறினால் அது நின்றுவிடும். அப்பாவின் கண்டக்டர் சம்பளத்தில் விமானத்துக்கு டயர்கூட வாங்க முடியாது. அதனால் தேர்வு அன்றைக்குக் குலதெய்வத்திடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன்.

மேலே எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. இறங்க வரும்போது எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றேபோனது. ஓடுதளம் கண்ணெதிரே தெரிகிறது. நடுவில் இருந்தது ஊர்ப் பண்ணையாரான பெரியவீட்டுக்காரரின் நாற்றங்கால் மட்டும்தான். அதன்மேல் உரசிக்கொண்டு நேரே போயிருந்தால் அடுத்த நொடி ஓடுதளத்துப் புல்தரை. இதைப் பின்னால் பயிற்சியாளர் படம் போட்டே விளக்கினார்.

அந்த நேரத்தில் எனக்குப் படம் எதுவும் தோன்றவில்லை. அம்மா பெரியவீட்டு வயல்களில் நடவு நட்டுத்தான் எங்களை வளர்த்தாள். சின்ன வயதில் அவள் பின்னால் திரிந்தபோது ஒருநாள் நான் நாற்றங்காலில் கால் வைத்துவிட்டேன். அதற்கு அந்த வீட்டுக் கணக்குப்பிள்ளை எல்லோர் முன்னாலும் அம்மாவைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. கீழே அந்தப் பச்சையைப் பார்த்ததும் கை தானாகத் திருப்பிவிட்டது.

பக்கத்தில் நடவுக்காகச் சேறடித்துப் போட்டிருந்த வயல். சக்கரம் புதைந்து, மூக்கு குத்தி, விமானம் குப்புறக் கவிழ்ந்தது. பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கியவள், அதைக் கழற்றியதும் நேரே சேற்றுக்குள் போனேன். எங்கள் பரம்பரையில் எல்லோரும் காலால்தான் சேற்றில் இறங்கியிருக்கிறார்கள். தலையால் இறங்கிய முதல் பட்டதாரி நான்.

முதலில் வந்து சேர்ந்தவர் பெரியவீட்டுக்காரர். விமானத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நாற்றங்கால் வரப்பில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார்.

“யாரு வீட்டுப் பொண்ணு நீ?”

அம்மாவின் பெயரைச் சொன்னேன்.

“அதானே பாத்தேன். சேத்தத் திரும்ப அடிச்சுக்கலாம். நாத்து போனா போனதுதான். வேற யாருமா இருந்தா அதுமேலயே எறக்கிருப்பாங்க.”

பாராட்டுகிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வாயில் மிச்சமிருந்த சேற்றைத் துப்பினேன்.

விசாரணையில் மூன்று பேர் மாறி மாறி, ஏன் திருப்பினாய் என்று கேட்டார்கள். “நாத்தங்கால் இருந்துச்சு சார்” என்றேன். அவர்களுக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. உதவித்தொகை நின்றது. இப்போது ஒரு விமான நிலைய கவுன்டரில் உட்கார்ந்து ஊரார் பெட்டிகளை எடை போடுகிறேன்.

அந்த வருஷம் அறுப்பு முடிந்ததும் பெரியவீட்டிலிருந்து ஒரு மூட்டை நெல் வந்தது. திருப்பி அனுப்பச் சொல்லிக் கத்தினேன். அம்மா கேட்கவில்லை. அவித்து, காயவைத்து, அரைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் பெருமையாகச் சோறு போட்டாள். அண்ணன் அதற்கு ஏரோப்ளேன் அரிசி என்று பெயர் வைத்தான். இன்றைக்கும் வீட்டில் சோறு குழைந்தால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வயிற்றெரிச்சலோடு. அந்த வீட்டில் அம்மாவுக்கு அறுப்புக் கூலியை நெல்லாகத்தான் அளப்பார்கள். விமானம் ஓட்டி நான் வாங்கிய ஒரே கூலியும் அதுதான்.