கிழமைக்கு ஒரு பொதி

லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்துக்கான தமிழ்ப் பொதிகளில் இன்னும் நாலே நாலுதான் மிச்சம் என்று ரூபன் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தான்.

வேலை முடிந்தால் வவுனியாவுக்குப் போக முகாந்திரம் இராது. கிளிநொச்சியில் அவன் வேலை செய்த கணினி நிலையத்தில் இணையம் கிடையாது. போர்நிறுத்தத்தில் பாதை திறந்த பிறகு, ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி, வவுனியாவில் மஹ்றூப் நானாவின் நெட்கடையிலிருந்துதான் எதையும் அனுப்பினான். அந்தக் கடையில்தான் தயாளினி வேலை செய்தாள்.

மொத்தம் அறுபது நிரல்கள். தமிழ் மாதத்தின் பெயர் சொல்ல ஒன்று, எழுத்தெண்ண ஒன்று என்று எல்லாம் கடுகளவு. ஒவ்வொன்றையும் தனிப்பொதியாகக் கட்டி, கிழமைக்கு ஒன்றாகக் கொண்டுபோனான். தயாளினி நோர்வேக்கு அனுப்பிக் கொடுப்பாள். அங்கே சிற்றம்பலம் என்பவர் சரிபார்ப்பார். அவள் அனுப்பி முடிக்கும்வரை ரூபனின் வாயில் கொழுக்கட்டைதான். திரும்பும் பஸ்ஸில் மட்டும், சொல்லாமல் விட்டதையெல்லாம் தனக்குள் சொல்லிப் பார்ப்பான். அவளைப் பாராத ஆறு நாளும் அவனுக்கு ஆறு மாதம்.

"எல்லாத்தையும் ஒரு பிளொப்பியில கொண்டுபோவனடாப்பா," என்றார் நிலையப் பொறுப்பாளர் பரமேஸ்வரன்.

"பிளொப்பி பழுதாப்போகும், சேர்."

அவர் உடனே புதுச் சிடி ஒன்றை எடுத்து நீட்டினார்.

இனிப் பொதிகளைப் பெருக்குவதைத் தவிர வேறு வழியில்லை. ரூபன் மிச்சமிருந்த நாலையும் உடைத்து எட்டாக்கினான். உடைந்தவை ஒன்றில்லாமல் மற்றது ஓடமாட்டேன் என்று அடம்பிடித்தன. அவற்றைச் சேர்த்துவைக்க இன்னும் எட்டு எழுதினான். நாலு பதினாறாயிற்று. நாலு மாதம் தப்பிற்று.

"இன்னும் எத்தினை இருக்கு?" என்று தயாளினி கேட்டாள்.

"பதினாறு."

"போன கிழமை நாலெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"வேலை கூடிப்போச்சு."

அவள் பெருமூச்சு விட்டுத் திரைப்பக்கம் திரும்பினாள்.

அடுத்த கிழமை போனபோது அவளைக் காணவில்லை. சிற்றம்பலத்தின் மின்னஞ்சல் மட்டும் காத்திருந்தது: "துண்டு துண்டாக வேண்டாம். மிச்சம் முழுவதையும் ஒரே பொதியாகக் கட்டி இன்றே அனுப்பவும்."

பரமேஸ்வரன் தந்த சிடியில் எல்லாம் கூடவே இருந்ததால், ரூபன் அங்கேயே இருந்து கட்டினான். அனுப்பினான். இனி இந்தப் படியேற ஒரு சாட்டும் இல்லை.

"போட்டு வாறன், நானா. வேலை முடிஞ்சுது. தயாளினியிட்டயும் சொல்லிவிடுங்கோ."

மஹ்றூப் நானா சிரித்தார்.

"அவவுக்குத் தெரியும் தம்பி, அந்த நோர்வே மனுசனுக்கு எழுதினதே அவதானே: 'தயவுசெய்து எல்லாத்தையும் ஒண்டாக் கட்டச் சொல்லுங்கோ ஐயா, இல்லாட்டி இவர் வேலை முடிச்சுப் பொம்பிளை கேட்டு வர எனக்கு நரைச்சுப்போகும்' எண்டு!"