ஒரு மூடி சோப்புத்தூள்

பால் பொங்கியிருந்தால் துடைத்துவிடலாம். இது பொங்கவில்லை. அடுப்பின்மேல் சத்தமில்லாமல் வற்றி, மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் பாத்திரத்தின் அடியில் தார் ரோடு போட்டுவிட்டது.

அந்த நேரத்தில் தர ஆய்வாளர் சோபாவில் உட்கார்ந்து, 'வீட்டுப் பணிகள் - நேர அட்டவணை' என்று தலைப்பு எழுதி, அதற்கு ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

பிஸ்கட் தொழிற்சாலையில் மற்றவர்கள் துடைத்த இயந்திரத்தை விரலால் தடவி, அந்த விரலை அவர்கள் மூக்குக்கு நேரே நீட்டுவது அவர் உத்தியோகம். சாயங்காலம் அந்த விரல் வீட்டுக்கும் வந்துவிடும். அதை மட்டும் கழற்றி வைத்துவிட்டு வரமுடியாதே.

"வீட்டு வேலைன்னு ஒரு வேலையா?" என்பது அவர் காலையில் சொல்வது. "நீ வேலைக்குப் போயிட்டா வீட்டை யாரு பாக்கறது?" என்பது சாயங்காலம் சொல்வது. ஒன்றுமே இல்லாத அந்த வேலையைச் செய்ய அவர் மனைவியை விட்டால் உலகத்தில் ஆளே கிடையாது!

நேற்று அவளுக்கு ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து வேலை உத்தரவு வந்தது. அதை மேசைமேல் வைத்துச் சொன்னாள்.

"அந்த ஒண்ணுமில்லாத வேலையை நாளைக்கு ஒருநாள் நீங்க பாருங்க. அஞ்சு மணிக்கு நான் திரும்பி வரும்போது வீடு இதே மாதிரி இருந்தா, இந்தக் காகிதத்தை நானே கிழிச்சுப் போடறேன்."

"இல்லாட்டி?"

"திங்கக்கிழமை வேலைக்குப் போவேன். நீங்க மூச்சு விடக்கூடாது."

வாய்விட்டுச் சிரித்தார். அது நேற்று. இப்போது சனிக்கிழமை, மணி பத்தேகால். அவள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள்.

அவர் அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா லேசுப்பட்டவள் இல்லை. வாரப்பத்திரிகையில் வீட்டுக்குறிப்பு எழுதுகிறவள். எண்ணெய்க் கறை, மைக் கறை, துரு, எதுவாக இருந்தாலும் அவளிடம் மருந்து உண்டு. தவிர, அவள் நாத்தனார். நாத்தனார் எந்தப் பக்கம் நிற்பாள் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அக்கா, பாத்திரம் அடிப்பிடிச்சிடுச்சு."

"சுரண்டினியா?"

"இல்ல."

"சுரண்டாத, கீறல் விழும். தண்ணி ஊத்தி, ஒரு மூடி சோப்புத்தூள் போட்டு, கொதிக்க விடு."

"மூடின்னா? எந்த மூடி?"

"ஏன்டா, உங்க வீட்டுப் பாத்திரத்துக்கெல்லாம் மூடியே கிடையாதா?"

அவர் பெரிய பாத்திரத்தின் மூடியை எடுத்தார். அதில் சோப்புத்தூளைக் கோபுரமாகக் குவித்தார். தர ஆய்வாளர் இல்லையா, ஓரத்தைக் கத்தியால் சமன் செய்துதான் கொட்டினார்.

நான்கு நிமிடத்தில் பாத்திரத்திலிருந்து நுரை எழுந்தது. எட்டிப் பார்த்தது. இறங்கியது. அடுப்பு 'உஸ்' என்றது. அவர் பாய்ந்து அடுப்பைத் திருகி அணைப்பதற்குள் நுரை மேடையைத் தாண்டித் தரையில் கால் வைத்துவிட்டது.

"அக்கா! நுரை!"

"எதுவரைக்கும் வந்திருக்கு?"

"சமையலறை வாசப்படிக்கு ரெண்டடி இருக்கு."

"ரெண்டடிதானா?" அக்கா கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு பக்கெட் தண்ணியை வேகமா ஊத்தி, துடைப்பத்தால அடிச்சு அடிச்சுத் தள்ளு."

அடித்தார். அடிக்க அடிக்க நுரை பெருகியது. வாசற்படியைத் தாண்டி, அனுமதி கேட்காமல் ஹாலுக்குள் நுழைந்து, சோபாவின் கால்களைக் கட்டிக்கொண்டது. நேர அட்டவணை அதன்மேல் மிதந்துபோனது.

"அக்கா, இப்ப ஹாலுக்கு வந்துடுச்சுக்கா!"

"அடப்பாவமே. துணியைப் போட்டு உறிஞ்சி எடு."

"தரை துடைக்கற துணி எங்க இருக்குன்னு தெரியலையே."

"கல்யாணமாகி எத்தனை வருஷம்டா ஆச்சு?"

"ஒன்பது."

"சரி விடு. கைக்குக் கிடைச்சதைப் போடு. தடிமனா இருக்கட்டும்."

கைக்குக் கிடைத்தது சிவப்புப் போர்வை. அது தனியாகத் துவைக்க வேண்டிய போர்வை என்பது ஒன்பது வருஷமாக அதைத் தனியாகத் துவைத்தவளுக்குத் தெரியும். போர்த்திக்கொண்டு தூங்கியவருக்கு எப்படித் தெரியும்? மதியம் முழுக்க அதைப் பிழிந்து பிழிந்து விரித்ததில் நுரையெல்லாம் சிவந்தது. ஜன்னலின் வெள்ளைத் திரை குனிந்து அதைக் குடித்தது.

"அக்கா, திரை சிவப்பாயிடுச்சு. வெள்ளையாக்கணும். மணி மூணரை!"

"நீலம் இருக்கா? துணிக்குப் போடறது?"

"இருக்கு."

"ஒரு மூடி ஊத்து."

இம்முறை அவர் ஏமாறவில்லை. "பாட்டில் மூடியா, பாத்திர மூடியா?"

"அவ்வளவு பெரிய ஹாலுக்குப் பாட்டில் மூடி எந்த மூலைக்குடா? நீ எல்லாம் எப்படி ஆய்வாளர் ஆன?"

தன்மானம் உள்ள மனிதர். பாத்திர மூடி நிறைய ஊற்றினார்.

சிவப்பும் நீலமும் சேர்ந்தால் என்ன வரும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஹால் கத்தரிப்பூ நிறமானது. திரை, சோபா உறை, அவருடைய அழுக்கு வேட்டையாடும் விரல், முழங்கால்வரை அவர், எல்லாமே கத்தரிப்பூ.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது.

மனைவி செருப்பைக் கழற்ற இடம் தேடினாள். ஈரமில்லாத இடம் வெளியேதான் இருந்தது. அங்கேயே விட்டுவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தாள்.

"வீடு இதே மாதிரிதான் இருந்துச்சா காலையில?"

"பாத்திரம் பளபளன்னு ஆயிடுச்சு, பாரு!" என்று அதைத் தூக்கிக் காட்டினார். உண்மைதான். அந்த வீட்டில் அது ஒன்றுதான் சுத்தமாக இருந்தது.

"நான் பாத்திரத்தைப் பத்திப் பந்தயம் கட்டலைங்க."

அவர் சோபாவின் கையில் உட்கார்ந்தார். ஈரம் ஏறியது, எழுந்திருக்கத் தெம்பில்லை.

"அக்கா குறிப்பு என்னைக்கும் பொய்க்காது. நான்தான் எங்கியோ கோட்டை விட்டுட்டேன்" என்றார். பிறகு, விரலைக் கைக்குள் மடக்கிக்கொண்டு, "திங்கக்கிழமை எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேட்டார்.

"ஒன்பதுக்கு."

"போயிட்டு வா."

அவள் கால் கழுவக் குளியலறைக்குப் போனாள். மேசைமேல் அவள் போன் அடித்தது. 'அண்ணி' என்று காட்டியது; அக்காவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். பாவம் அக்கா, நாள் முழுக்கத் தம்பிக்காக உழைத்தவள், தோற்றதை அவளிடம் தன் வாயாலேயே சொல்லிவிடலாம் என்று எடுத்துக் காதில் வைத்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா மூச்சுவிடாமல் கொட்டினாள்:

"என்னம்மா, ஜெயிச்சிட்ட தானே? சமையலறையோட நிறுத்திக்கலாம் அண்ணின்னுதான் நீ சொன்ன, நான்தான் ஆசைப்பட்டு ஹால் வரைக்கும் இழுத்துட்டேன், கோவிச்சுக்காத!"