சவுனாவுக்குக் கரண்டு இழுக்க எவ்வளவு ஆகும்?

பெருமதிப்பிற்குரிய அண்ணன் தைஸ்தோ அவர்களுக்கு,

தம்பி கௌகோ ஏரிக்கரை வீட்டிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது. நானும் சில்வியும் நலம். படகைக் கரையேற்றிக் கவிழ்த்தாயிற்று. அண்ணிக்கென்று ஒரு கூடை காளான் உலர்த்தி வைத்திருக்கிறோம். நல்ல செய்தி இத்துடன் முடிந்தது. இனி வருவது செலவு. வீடு நம் இருவருக்கும் பொது என்பதால் அதில் பாதி உங்களுடையது. உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

போன இலையுதிர் காலத்தில் நம் சவுனாக் குடிசையில் ஆவிக்குளியல் முடித்துத் திரும்பும் வழியில் சில்வி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். கோடையில் மறுபடி சவுனாவுக்கு வந்தாள். ஆகஸ்ட் முடிந்ததும் வருவதை நிறுத்திவிட்டாள். கோடையில் விறகு சுமக்கப் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள், இப்போது இல்லை, ஆகவே காரணம் விறகுதான் என்று நானே புரிந்துகொண்டேன். சனிக்கிழமைதோறும் தனியாக உட்கார்ந்து, ஆவி வர அடுப்பின் சுடுகல்லில் தண்ணீர் ஊற்றுகிறேன். நாங்கள் அங்கே எந்தக் காலத்திலும் பேசிக்கொண்டதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அவளோடு பேசாமல் இருப்பது வேறு, தனியாகப் பேசாமல் இருப்பது வேறு. ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது அண்ணா.

ஒருநாள் காபி ஊற்றும்போது அவளே சொன்னாள், "சவுனாப் பக்கம் கரண்டு இருந்தா நல்லாருக்கும்." நான் "ம்" என்றேன். எதற்கு, ஏன் என்று நச்சரிக்கும் கணவன் நானில்லை. நேரே கடைக்குப் போய்க் கரண்டு அடுப்புக்கு விலை விசாரித்து வந்தேன். ரெண்டு வயரை முறுக்க முந்நூறு யூரோவுக்கு மேல் கொடுக்காதே என்று நீங்கள் போனில் சொன்னதையும் நினைவில் வைத்துக்கொண்டு, டவுனிலிருந்து ரைலி என்ற எலெக்ட்ரீஷியன் அம்மாளைக் கூப்பிட்டேன்.

வந்தார். ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். பார்த்துக்கொண்டே நின்றார். நானும் நின்றேன். வேன் டவுனில் கிளம்பியதிலிருந்தே மணிக்கூலி ஓடுகிறது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் வீட்டுக்கு வந்தவருக்குக் காபி தராமல் இருக்க முடியுமா, ஒரு கோப்பையோடுதான் நிறுத்த முடியுமா? இரண்டாவது கோப்பையையும் குடித்து முடித்துவிட்டு, "இத யாரு போட்டது?" என்றார். நம் அப்பா என்றேன்.

"நல்ல மனுசனா இருந்திருக்கணும்," என்றார். "இன்னும் வீடு எரியாம நிக்கறதுக்கு எனக்கு வேற காரணம் தெரியல."

பிறகு விளக்கினார் பாருங்கள், நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அந்த அடுப்புக்கு நம் வீட்டுக் கரண்டு ஒரு வாய்க்குக் காணாதாம், த்ரீ ஃபேஸ் வேண்டும், அதைக் கம்பத்திலிருந்து கொண்டுவர மின்கம்பெனிக்குத் தனியாகக் கட்ட வேண்டும், வந்த பிறகு அதைத் தாங்கப் புதுப் பெட்டி, அதிலிருந்து சவுனா வரை பாறைகளுக்கு நடுவே மண்ணுக்கடியில் என் கட்டைவிரல் தடிமனில் கேபிள், அங்கே இன்னொரு பெட்டி, எல்லாவற்றுக்கும் எர்த், கடைசியில் சோதனை செய்து அவர் போடும் கையெழுத்து, அது இல்லாமல் தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ்காரன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். மொத்தம் ஏழாயிரம் யூரோவுக்குக் கொஞ்சம் குறைவு. அடுப்பு அதில் சேர்த்தி இல்லை. கோபமே வரவில்லை அண்ணா. இத்தனை காலம் சுவரில் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், அவ்வளவுதான் என்று இருந்தேனே, அதன் பின்னால் இவ்வளவு சங்கதியா என்று மலைத்துப் போனேன். காபி குடித்த நேரத்துக்கு அவர் கூலி போடவில்லை என்பதைப் பார்த்தபோது கண்ணே கலங்கிவிட்டது.

பள்ளத்தை நானே வெட்டினால் ஆயிரம் குறையும் என்றார். மண் உறைவதற்குள் வெட்டிவிட்டேன். சில்வி சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள், ராத்திரி என் முதுகுக்குத் தைலம் மட்டும் தேய்த்தாள். அதிலேயே நான் செய்வது சரி என்று தெரிந்துகொண்டேன். ஆகவே தங்கள் பங்கு மூவாயிரத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவைக்கவும். சில்வி மறுபடி சவுனாப் பலகையில் என் பக்கத்தில் உட்காருவாள் என்றால் எழுபதாயிரமும் தகும்.

தங்கள் முழங்காலுக்கும், அண்ணியின் பூனைக்கும், குளிர்காலம் இரக்கம் காட்டட்டும்.

பணிவுடன்,
தம்பி கௌகோ

பி.கு.: பணம் அனுப்ப வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் சில்வி வாங்கிப் படித்துவிட்டாள். படித்து முடித்ததும் கேட்டாள், "கரண்டு அடுப்பா? அந்த ஆவியில நான் உக்கார மாட்டேன். நான் கேட்டது வழியில ஒரு லைட்டு. இருட்டுல எங்க கால வைக்கறதுன்னு தெரியாமதான் விழுந்தேன். கோடையில ராத்திரியும் வெளிச்சம், அதான் வந்தேன்." அப்படியானால் நான் பள்ளம் வெட்டியதைப் பார்த்து என்னதான் நினைத்தாய் என்று கேட்டேன். ஒரு லைட்டுக்கு இவ்வளவு ஆழமாக வெட்ட வேண்டியிருக்கிறதே, பாவம் மனுசன் என்று நினைத்தாளாம்.

ரைலியிடம் போனில் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, பள்ளம்தான் இருக்கிறதே, ஒரு விளக்குக்கு அதிகம் ஆகாது, அடுத்த வாரம் வருகிறேன் என்றார்.

நேற்று சனிக்கிழமை. விளக்கு வரும்வரைக்கும் இருக்கட்டும் என்று, டார்ச்சை அவள் காலடியில் அடித்தபடி சவுனா வரை கூடவே நடந்தேன். கதவருகே நின்று சொன்னாள், "இத போன வருசமே பிடிச்சிருக்கலாமே."