கட்டுப்படுத்தப்பட்ட கணநேர உந்துவிசை

"அத்தான், இனிமே நான் டிவியை அடிக்கக் கூடாதாம்" என்று மச்சினன் ஒரு நோட்டீஸை நீட்டினான்.

மச்சினன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அத்தான் காப்புரிமை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் ஆய்வாளராகக் குப்பை கொட்டியவர். இன்னும் பன்னிரண்டு நாளில் ஓய்வு.

நோட்டீஸைப் படித்தார். 'செயலிழந்த மின்கருவியின் புறவுறை மீது, கட்டுப்படுத்தப்பட்ட கணநேர உந்துவிசையைச் செலுத்தி மீள இயக்கும் முறை.' இது ஒருவருடைய கண்டுபிடிப்பாம். அவர் அனுமதியில்லாமல் செய்தால் வழக்காம்.

"இதுல அடிக்கிறது எங்கடா வந்தது?"

"படார்னு ஒண்ணு போட்டா ஓடும்ல, அதைத்தான் இப்படி எழுதியிருக்கான். எந்த மடையன் இதுக்குக் கையெழுத்துப் போட்டானோ!"

மடையனின் கையெழுத்து, நோட்டீஸோடு இணைத்திருந்த காப்புரிமை நகலின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஆய்வாளர் அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார். அத்தனை கம்பீரமான வாசகத்தைப் பார்த்து அவரே மரியாதையோடு போட்ட கையெழுத்து அது.

மச்சினனிடம் மறைக்கலாம், அலுவலகத்தில் முடியுமா? மறுநாள் மேலதிகாரி அம்மாவிடம் போய் நின்றார்.

"ஊர் உலகமே செய்யறது மேடம். ரத்து பண்ணிடலாம்."

"எழுத்துல ஆதாரம் வேணுமே. கொண்டு வாங்க. இல்லேன்னா பென்ஷனை நிறுத்தி வெச்சு உங்க மேல விசாரணைதான்."

மூன்று நாள் நூலகத்தில் தேடினார். எல்லோருக்கும் தெரிந்ததை எவன் எழுதி வைப்பான்? கருவிகளோடு வரும் கையேடு ஒன்றில் மட்டும் 'தட்டவோ அதிரச் செய்யவோ கூடாது' என்றிருந்தது. ஆசையாக அதை ரத்து மனுவோடு சேர்த்துக் கொடுத்தார். காப்புரிமைக்காரரின் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா? எங்க கட்சிக்காரருக்கு முன்னாடி ஒருத்தரும் அடிக்கத் துணியலை!"

அந்த வக்கீலுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திதான்.

வேறு வழியில்லாமல், ஆவண அறை ஜெராக்ஸ் மெஷினை இருபது வருடமாகத் தானே அடித்து ஓட்டுவதாக ஆய்வாளர் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அலுவலக உடைமையைத் தாக்கியது ஏன் என்று மறுநாளே மெமோ வந்தது.

மனைவிக்கு மனசு கேட்கவில்லை. அவளும் சாட்சிக் கடிதம் எழுதினாள். மிக்ஸி, ஃபேன், ரேடியோ எதையும் இவர் விட்டு வைத்ததில்லை என்று எழுதியவள், 'அவருக்குக் கொஞ்சம் கை நீளம்' என்றும் சேர்த்துவிட்டாள். அடிக்கிற கையைத்தான் சொன்னாள், பாவம். அலுவலகம் வேறு மாதிரி புரிந்துகொண்டு, ஸ்டோர் ரூம் சாமான்களைச் சரிபார்க்க ஆள் அனுப்பியது.

"நான் என்ன தப்பா எழுதிட்டேன்?" என்று அவள் அழுதாள்.

"நீ ஒண்ணும் பண்ணலைடி. எல்லாம் என் நேரம்" என்றார். திருடன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போகப்போகிறோம் என்று நினைத்தபோது அவருக்கும் அழுகை வந்தது.

ஓய்வுக்கு முந்தின நாள், ரத்து கோரும் மனு விசாரணைக்கு வந்தது. "செஞ்சே காட்டுங்க" என்றார் மேலதிகாரி அம்மா.

எல்லோரும் ஆவண அறையில் கூடினார்கள். மெஷின் நான்கு பக்கம் நகலெடுத்தது. ஐந்தாவதில், வழக்கம்போல நின்றது. ஆய்வாளர் கண்ணை மூடிக்கொண்டு இடது விலாவில் ஓங்கி ஒன்று வைத்தார்.

மெஷின் ஓடியது.

வக்கீல் ஃபைலை மூடிக் கட்டினார். பிரமாணப் பத்திரம், மனைவியின் கடிதம், எல்லாம் ஏற்கப்பட்டுக் காப்புரிமை ரத்தானது. மெமோவும் ஸ்டோர் ரூம் விசாரணையும் போன இடம் தெரியவில்லை. ஆய்வாளர் மெஷினைத் தடவிக்கொடுத்தார். மரியாதையாக வீட்டுக்குப் போகலாம் என்ற நிம்மதியில் கண் கலங்கியது.

கூட்டம் கலைந்ததும், பக்கத்து அறையிலிருந்து பியூன் தயங்கித் தயங்கி வந்தார்.

"சார், நாளைக்கு நீங்க போயிட்டா எனக்குக் கஷ்டம் சார்."

"ஏம்ப்பா, நான் போனா என்ன? வர்றவரும் அடிப்பாரு."

"உங்களை மாதிரி ஓங்கி அடிப்பாரா சார்? இந்த மெஷினோட சுவிட்சு என் ரூம்ல அடிக்கடி விழுந்துடும். நீங்க அடிக்கிற சத்தம் கேட்டுத்தானே சார் இருபது வருஷமா அதைத் தூக்கி விடறேன்!"